எனக்கு வரவேண்டிய ஊசி

“சார் போகலாம். மேடம்தான் போக முடியாது” என்று சொல்லிவிட்டு, ஏர்போர்ட் கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை மட்டும் கண்ணாடித் தடுப்பின் சந்து வழியாக என் பக்கம் தள்ளினாள். அதன் மேல் என் தடுப்பூசிச் சான்றிதழ். கசங்கிவிடுமோ என்று பிளாஸ்டிக் உறை போட்டு, மடிக்காமல் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்திருந்தேன். அவளுக்கு முகம் முழுக்க மாஸ்க், மாஸ்க்குக்கு மேல் பிளாஸ்டிக் திரை. கண்ணை வைத்துக்கொண்டு மனசைப் படிக்க எனக்குத் தெரியாது.

“ரெண்டு ஊசியும் போட்டாச்சேம்மா. நல்லாப் பாரு” என்றேன்.

“ரெண்டும் இருக்கு மேடம். ஆனா இந்தக் கம்பெனி ஊசி அந்த நாட்டு லிஸ்ட்ல இல்ல. சார் போட்டது இருக்கு. உங்களை நான் ஏத்திவிட்டாலும் அங்க இறங்கவிட மாட்டாங்க. அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க.”

“எந்த ஊசின்னாலும் பரவாயில்லன்னு ஏஜென்ட் சொன்னானே.”

“ரூல்ஸ மாத்திக்கிட்டே இருக்காங்க மேடம். நான் என்ன பண்றது?”

அவள் என்ன பண்ணுவாள், பாவம். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பிரயோஜனம்? எய்தவர் என் பக்கத்திலேயேதான் இருந்தார். ட்ராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி, என் கணவர்.

ஊசி கிடைக்காமல் ஊரே அலைந்த காலத்தில் இவருடைய ஆபீஸில் ஒரு முகாம் போட்டார்கள். வெளிநாட்டு ஊசி. ஊழியருக்கு ஒன்று, அவர் குடும்பத்தில் ஒருவருக்கு ஒன்று. இவர் ஒரு வருஷமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர். வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கக்கூடக் கையுறை போட்டுக்கொள்வார். நான் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நிற்பவள். ஊர் இருமியதெல்லாம் என் முகத்தில்தான் இருமியது. காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவர்களின் மூச்சு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் பனி மாதிரி படியும். சாயந்திரம் அதைத் துடைப்பதும் நான்தான். அந்த இன்னொரு ஊசிக்கு இவர் எழுதிக் கொடுத்த பெயர் தன் அண்ணனுடையது. “அண்ணனுக்கு வயசாச்சு. நீ என்ன, மருந்துக் கடையில இருக்க, உனக்குக் கிடைக்காதா?” என்றார். மருந்துக் கடையில் ஊசி விற்கிறதா என்ன? கத்தரிக்காயா அது? கடைசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நின்று, அன்றைக்கு எது வந்ததோ அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். ஊசியில் என்ன உசத்தி, உயிர் இருந்தால் போதும் என்று விழுங்கிவிட்டேன். விழுங்கினது இப்போது தொண்டை வரை ஏறி வந்துவிட்டது.

எனக்கு அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. அங்கே இருக்கிற என் மகளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறங்கவிடாமல் நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் தனியாகக் கிடக்கிறாள். இதற்கு முன்னால் ஒரு தடவை, விமானமெல்லாம் ஓடாமல் நின்றிருந்தபோது, ஏழாம் மாசத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. அப்போதும் தனிதான். ஒரு நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன். “அம்மா, அம்மா” என்றாள். அதோடு படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி நின்ற அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் “இருக்கேண்டா, இருக்கேண்டா” என்று கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இந்தத் தடவை கண் விழிக்கும்போது உன் பக்கத்தில் நான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இது என்ன பெரிய வரமா? எந்தத் தாயும் செய்கிற காரியம்தானே?

“என்னங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? ஏதாவது பேசுங்க” என்றேன்.

அவர் பேசினார். என்னிடம் இல்லை. போனை எடுத்து அண்ணனிடம் பேசினார். அண்ணன் எங்களை இறக்கிவிட்டு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குள் வந்தால் தொற்றிக்கொள்ளுமாம். இவர் காதைப் போனில் ஒட்டிக்கொண்டு “ஆமாண்ணே... இல்லண்ணே... அதான்ணே” என்று தலையை ஆட்டினார். பின்னால் வரிசையில் நின்ற குழந்தை அழுதது. இவர் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்து எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, “சீக்கிரம் முடிவு பண்ணுங்க சார், கவுன்ட்டர் மூடிருவோம்” என்றாள் அந்தப் பெண்.

“அண்ணன் என்ன சொல்றார்னா...” என்று இவர் ஆரம்பித்தார். “நான் மொதல்ல போயிடறது. நீ வேற ஊசி போட்டுக்கிட்டுப் பின்னால வர்றது. அவ வீட்ல இருக்கறவதானே, எப்ப வேணா வரலாங்கறார்.”

வீட்டில் இருக்கிறவள்! நாள் பூரா மருந்துக் கடையில் நிற்கிற நான்! இன்னொரு ஊசி போட்டு, அது செல்லுபடியாகிற நாள் வரை காத்திருந்து நான் போய்ச் சேர்வதற்குள் என் பேரக் குழந்தை குப்புற விழுந்து தவழ்ந்திருக்கும். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“உங்க கைல குத்தின ஊசி என்னோடது” என்றேன். “அதைப் போட்டுக்கிட்டு எந்தச் சீமைக்குப் போனீங்க? பார்க்குக்கா? ரெண்டு ரவுண்டு நடந்துட்டு பெஞ்சுல உக்காந்து அரசியல் பேசறதுக்கு அந்த ஊசிதான் வேணுமா உங்களுக்கு?”

“இது பெரியவங்ககிட்ட பேசற பேச்சா?” என்றது போன். “தலையெழுத்து அப்படி இருந்தா யாரு என்னம்மா பண்ண முடியும்?”

“என் தலையில எழுதினவரு இங்கதான் நிக்கிறாரு. சொல்லிக்குடுத்து எழுத வெச்சவரு கார்ல உக்காந்திருக்காரு” என்று வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனிடம் நான் “காபி போடட்டுமா” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. பக்கத்தில் பெட்டிக்கு பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்த ஆள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். பார்க்கட்டும்.

“நீ இல்லாம நான் போகல. வா, வீட்டுக்குப் போகலாம்” என்றார் இவர். தியாகம் பண்ணுகிறாராம். அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நான் போகாமல் இருப்பது விதி, அவர் போகாமல் இருப்பது தியாகம்.

“ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி? மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அங்க அவளுக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்ல.”

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பாப்பா. முப்பது வயசானாலும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கோபத்தில் காது அடைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏறிட்டீங்களாம்மா?”

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடி தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து “பாப்பா, பாப்பா” என்றேன்.

“கேக்குதும்மா” என்றாள். “அப்ப அப்பா மட்டும் வர்றாரா?”

“அதான் பேசிக்கிட்டு இருக்கோம்.”

“வேணாம்மா.” குரல் உடையவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “அப்பா வந்தா அவரையும் நான்தான் பாக்கணும். வயித்துல தையலோட எந்திரிச்சு அவருக்கு வெந்நீர் வெச்சுக் குடுக்க முடியாதும்மா. நான் தனியாவே சமாளிச்சுக்கறேன். போன தடவையும் சமாளிச்சேன்ல.”

இவர் அத்தனையும் கேட்டார். பெட்டி சுற்றுகிற ஆளும் கேட்டிருப்பான். மாஸ்க் இவர் மூக்கிலிருந்து சரிந்து மேலுதட்டில் நின்றது. அதை ஏற்றிவிடக்கூடத் தோன்றாமல் நின்றார். இந்த மனுஷனுக்கு வீட்டில் தன் உள்பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைப்பார். அது தானாக நடந்து போய்க் கழுவிக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்பினாரோ என்னவோ. நல்லவர்தான். ஒரு நாள் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. நல்லவர் என்று ஊரே சொல்லும். அந்த நல்லவரைத்தான் பெற்ற பெண் வேண்டாம் என்கிறாள், வேலை கூடிவிடும் என்று.

“பாப்பா” என்று குனிந்து என் போனிடம் பேசினார். “நான் கத்துக்கறேம்மா.”

“என்னப்பா கத்துப்பீங்க?” என்றாள் அவள். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவள் “டாக்டர் கூப்பிடறாங்கம்மா, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

அவர் அண்ணனுக்குப் போன் போடவில்லை. அதை நான் கவனித்தேன். நேரே போய் அந்தப் பெண்ணிடம் தன் பாஸ்போர்ட்டை மறுபடி நீட்டி, “நான் போறேன்” என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் பெட்டியைத் திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் துண்டு சுற்றிய ஒரு பித்தளைக் குதிரை. அந்த ஊரில் இருக்கிற தன் சிநேகிதருக்கு அண்ணன் கொடுத்தனுப்பியது. என்ன கனம்! அதைத் தூக்கி வெளியே வைத்தேன். நாலு சட்டையை உருவிப் போட்டேன். என் பெட்டியிலிருந்து பிள்ளைத் துணிகள், பழைய சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்த துண்டுகள், அவளுக்கு நான் தைத்த முன்பக்கம் திறக்கிற நைட்டிகள், எல்லாவற்றையும் அவர் பெட்டியில் அடுக்கினேன். அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது.

“சொல்லு” என்றார்.

“என்னத்தச் சொல்ல? முப்பது வருஷத்த உக்காந்த எடத்துல சொல்லவா? காலைல அவளுக்கு முன்னாடி எந்திரிங்க. எது எங்க இருக்குன்னு அவகிட்ட கேக்காதீங்க, தேடுங்க. பசிக்குதுன்னு சொல்லாதீங்க, செய்யுங்க. பிள்ளை தலை நிக்காது, கைய அடியில குடுத்துத் தூக்குங்க. அவ அழுதா அழுவாதன்னு சொல்லாதீங்க.”

“அப்பறம்?”

“அவ மயக்கம் தெளிஞ்சு கண்ண முழிக்கறப்போ பக்கத்துல இருங்க. டீ குடிக்கப் போயிட்டேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னீங்க, அதோட நமக்குள்ள முடிஞ்சுது.”

தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும், எப்போதாவது வரும், ஆனால் இன்றைக்கு இல்லை. பெட்டி பெல்ட்டில் ஏறி, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. நான் தைத்ததெல்லாம் போகிறது, நான் போகவில்லை. அந்தப் பெண் போர்டிங் பாஸை அவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து “ஸாரி மேடம்” என்றாள். “உன்னைச் சொல்லிக் குத்தமில்லம்மா” என்றேன். குதிரையை ட்ராலியில் நிற்க வைத்துத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

சோதனைக்குப் போகிற வாசலில் காவலர் அவருடைய காகிதங்களைப் பார்த்து உள்ளே விட்டார். எனக்குக் கண்ணாடிச் சுவர் வரைதான். அந்தப் பக்கம் ஆட்கள் பெல்ட்டைக் கழற்றி, வாட்சைக் கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் எல்லாவற்றையும் கழற்றினார். இடுப்பில் நழுவுகிற பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே இருந்த அதிகாரி எதையோ கேட்டார். இவர் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். தட்டில் போட்டதையெல்லாம் கிளறினார். பிறகு, இத்தனை வருஷமாகச் செய்கிறபடியே, திரும்பி என்னைத் தேடினார். எங்க வெச்சேன் என்று அந்தக் கண் கேட்டது. போர்டிங் பாஸ் அவருடைய வலது கையில்தான், விரல் இடுக்கில், கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். தேடட்டும், தேடக் கற்றுக்கொள்ளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அதிகாரி அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். எனக்குப் பாப்பாவின் முகம் தெரிந்தது, வாய் திறந்தபடி.

“கையில!” என்று கத்தினேன். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக் கத்தினேன். “கையிலதான்யா இருக்கு! உன் கையிலதான்!”

அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு எட்டு என் பக்கமாக வந்தார். என்ன, என்ன என்று தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் நன்றாகக் கேட்பதற்காக, போர்டிங் பாஸ் இருந்த கையையே தூக்கிக் காதோடு குவித்து வைத்துக்கொண்டார்.