கிடங்கு ஜன்னலில் எரிந்த விளக்கு

அக்காவின் கணவரான அத்தான் அனுப்பியிருந்த வரைவுப் பக்கத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் திறந்தேன். நாலாவது வரியைப் படித்ததும் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"மாடி ஜன்னலில் ஐந்து கம்பிகள். இடமிருந்து இரண்டாவது கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது."

வளைந்துதான் இருந்தது. ஆனால் அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு துறைமுக ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஓர் ஊர் எங்கும் கிடையாது. தெரு, கடை, மனிதர், சண்டை என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒன்றோடொன்று கோத்துவிடுவோம். ஆரம்பத்தில் ஆளாளுக்கு இஷ்டம்போல எழுதி, ஒரே கப்பல் மூன்று பக்கங்களில் மூன்று தடவை மூழ்கியது. அதனால்தான் புதுப் பக்கத்துக்கு விதிகள் வந்தன. எழுதியது நான். நானே பக்கங்களைச் சரிபார்ப்பவளும் ஆனேன்.

புதுப் பக்கம் குறைந்தது இரண்டு பழைய பக்கங்களைத் தொட்டு நிற்க வேண்டும். பழைய பக்கம் சொல்லாமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அது சொன்னதை மறுக்கக் கூடாது. அடுத்தவர் தொட்டு எழுதிய பக்கத்தை, எழுதியவரே வந்தாலும் எடுக்க முடியாது. நிஜ மனிதர்களைக் கொண்டுவரக் கூடாது. ஒரு வரைவைத் தள்ளுவதானால் எந்த விதிப்படி என்று எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். மூன்று நாளில் யாரும் தள்ளாவிட்டால் வரைவு தானாகவே ஊரின் பக்கமாக ஏறிவிடும்.

கடைசியாகச் சொன்ன இரண்டையும் எழுதிய அன்று எனக்கு ரொம்பப் பெருமை.

நிஜ மனிதர் கூடாது என்ற விதியை முதலில் மீறியதும் நான்தான். நாலு வருஷத்துக்கு முன் 'தையல்காரி' என்று ஒரு பக்கம் எழுதினேன். கணவனிடம் வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டு, உப்புக் கிடங்கின் மாடியில் பதினோரு நாள் ஒளிந்திருந்த பெண். பன்னிரண்டாம் நாள் வீடு திரும்புகிறாள். கணவன் எதுவும் கேட்கவில்லை. அத்தோடு முடித்திருந்தேன். எல்லோருக்கும் பிடித்துப்போய், பதினேழு பக்கங்கள் அதைத் தொட்டு நிற்கின்றன.

தையல்காரி என் அக்கா. உப்புக் கிடங்கு, நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் பேப்பர் கிடங்கு.

ஆறு வருஷமாகிறது. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தான் நிலம் அளக்கும் சர்வேயர். கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அளப்பார், அவ்வளவுதான். எந்த பஸ், பக்கத்தில் உட்கார்ந்தது யார், நாலே முக்காலுக்கு மணி அடித்தால் ஐந்து இருபதுக்கு ஏன் வந்தாய். ஒரு நாள் அக்கா அச்சகத்துக்கு வந்து, "மூச்சு முட்டுதுடி. பத்து நாள் எங்கயாச்சும் ஒளிச்சு வை" என்றாள். அத்தானிடம் ஆசிரியர் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். நான் கிடங்குச் சாவியைக் கொடுத்தேன். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த ஜன்னலைப் போன வருஷமே இடித்து ஏ.சி. வைத்தாகிவிட்டது. வளைந்த கம்பியைப் பார்த்திருக்க வேண்டுமென்றால் அப்போதே தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அத்தானை ஊருக்குள் சேர்த்துவிட்டதும் நானேதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். "எடிட்டரம்மா, அந்தக் கம்ப்யூட்டர் ஊர்ல எனக்கும் ஒரு பிளாட் போடேன்" என்றார். நிலம் அளக்கும் சங்கிலியின் நினைவாக 'சங்கிலி' என்ற புனைபெயரில் பதிந்துகொடுத்தேன். இரண்டு மாதம் எல்லாப் பக்கங்களையும் படித்திருக்கிறார். இப்போது எழுதியிருக்கிறார்: 'கணவன் ஏன் கேட்கவில்லை'.

பதில் எளிமையாக இருந்தது. கணவனுக்கு இரண்டாம் நாளே தெரியும். தினமும் மாலை ஏழு மணிக்கு எதிர்ச் சாரியில் வந்து நின்று, ஜன்னலில் விளக்கு எரிவதையும் நிழல் ஆடுவதையும் பார்த்துவிட்டு ஒன்பதுக்குத் திரும்புவான். "அவள் தன்னந்தனியாக இருப்பதாக நினைத்தாள். ஒரு நாள்கூட அவன் அவளைத் தனியாக விடவில்லை."

அன்பு என்று சொல்லலாம். எனக்கு அது வேவு பார்ப்பதாகத்தான் பட்டது. பக்கம் ஏறினால் அக்காவின் காதுக்குப் போகும். வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டவே எழுதியதுபோல இருந்தது.

எங்கள் ஊரின் இன்னொரு சரிபார்ப்பாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். புனைபெயர் 'பூட்டு'. போன் போட்டேன்.

"சங்கிலியோட பக்கத்தைத் தள்ளணும். ஒரு காரணம் சொல்லுங்க."

"ஏம்மா, உனக்கு வயித்தெரிச்சலா? பிரமாதமா இருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சேன். இருமல் மருந்து கேட்டவருக்கு வயித்துவலி மருந்தைக் குடுத்துட்டேன்."

"கம்பி வளைஞ்சிருந்துதுன்னு எழுதியிருக்காரே. என் பக்கத்துல அது இல்லையே?"

"நேரா இருந்துதுன்னு நீ எழுதினியா? இல்லல்ல. அப்ப மறுக்கலை. ரெண்டு பக்கத்தைத் தொட்டிருக்காரு, கேள்விக்குப் பதிலும் சொல்லிட்டாரு. இனி மிச்சம் நிஜ ஆள் விதி ஒண்ணுதான். சொல்லு, யாரு அந்த நிஜ ஆளு?"

"அது... வந்து..." என்று இழுத்தேன்.

"அதானே. உன் விதி, உன் கழுத்து. போய் வேலையைப் பாரு."

மறுநாள் அக்காவின் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மத்தியான இடைவேளை. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த இடத்தில் வைத்துப் போனை நீட்டினேன். படித்து முடித்ததும் அவள் விரலில் இருந்த சாக்பீஸ் தூள் போன் திரையெல்லாம் அப்பியிருந்தது.

"இதை யாருடி எழுதினா?"

"அத்தான்."

"அந்தத் தையல்காரி பக்கம்?"

"நான்."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

"உன்கிட்ட சாவி கேட்டேன். கதை கேட்டேனா?"

"தப்புதான்க்கா. எடுக்கலாம்னு பார்த்தா முடியாது, பதினேழு பேர்..."

"யாரு போட்ட சட்டம்?"

"நான்தான்."

"நல்லா வருவே."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம்" என்றாள். "அதுல எனக்குன்னு இருந்தது அந்தப் பதினோரு நாள்தான்டி. அவர் எப்ப என்னைக் குடைஞ்சாலும் மனசுக்குள்ள அதைத் தொட்டுப் பார்த்துக்குவேன். அதையும் எதிர்ல நின்னு அளந்துட்டாரா? இதை ஏத்திட்டு, சாப்பிடறப்ப என் மூஞ்சியைப் பார்ப்பாரு."

"நான் தள்ளிடறேன். நிஜ ஆளுன்னு எழுதித் தள்ளிடறேன். வர்றது வரட்டும்."

"எழுதினா நாப்பது பேருக்குத் தெரியும். அவருக்கும் நான் அழுதுட்டேன்னு தெரியும்." போனைத் திரும்ப வாங்கினாள். "அந்த விதியெல்லாம் எங்க இருக்கு? காட்டு."

கேள்வித்தாளைப் படிப்பதுபோல ஒவ்வொரு விதியாகப் படித்தாள். ஒரு விதிக்கு வந்ததும் நிறுத்தி மறுபடி படித்தாள்.

"ஏறின பக்கத்தைத் தொட்டுத்தான் புதுப் பக்கம் எழுதணும், இல்லையா? வரைவைத் தொட முடியாது?"

"முடியாது."

"அவரோடது எப்ப ஏறும்?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு."

"போகட்டும், விடு. என்னையும் பதிஞ்சுக்கோ. பேர் எது வேணா வை."

"பேர் உன்னோட இஷ்டம்க்கா."

"அப்ப 'ஊசி'."

வியாழக்கிழமை ஆறு மணிக்கு அத்தானின் பக்கம் தானாக ஏறியது. ஏழுக்குள் பன்னிரண்டு பாராட்டுகள். அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் அதை வாசித்துக் காட்டினாராம். அக்கா, "நல்லா இருக்குங்க, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டாளாம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் ஷட்டரைத் தூக்கும்போதே ஊசியின் வரைவு வந்து நின்றது. தலைப்பு 'விளக்கை எரியவிட்டது யார்'.

தையல்காரி அந்த அறையில் பகலில் மட்டுமே இருந்தாள். ஐந்தரைக்கெல்லாம் பின்பக்கப் படி வழியாக இறங்கிவிடுவாள். ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டுப் போனது கிடங்கில் வேலை பார்த்த இன்னொரு பெண். எதிர்ச் சாரியில் நின்றவன் பார்த்த நிழல், கொடியில் தொங்கிய துணி. "பத்து மாலைகள் அவன் ஒரு காலி அறைக்குக் காவல் நின்றான்." அவள் எங்கே போனாள் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். என் பக்கத்தை மறுக்கவில்லை. அவள் அங்கே ஒளிந்திருந்தாள் என்றுதான் எழுதியிருந்தேன், ராத்திரியும் அங்கேயே படுத்தாள் என்று எழுதவில்லை. அத்தானின் பக்கத்தையும் மறுக்கவில்லை. அவர் பார்த்தது விளக்கும் நிழலும்தான், முகத்தை அல்ல. இரண்டையும் தொட்டு நிற்கிறது. விளக்கைப் போட்டது யார் என்று இரண்டுமே சொல்லவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிடங்கு விளக்கின் சுவிட்ச் கீழே, மெயின் போர்டில்தான் இருந்தது. "போறப்ப மேல லைட்டைப் போட்டுட்டுப் போடி" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆறு மணிக்கு சுவிட்சைத் தட்டிவிட்டு, முன்பக்க ஷட்டரைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுப்பதோடு சரி, சாயங்காலம் மாடி ஏறிப் பார்த்ததில்லை. பின்பக்கக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான், திறந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போய்வரலாம். காலையில் நான் வரும்போது பாயைச் சுருட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

போன் போட்டேன்.

"அக்கா, இது நிஜமா?"

"எது?"

"சாயங்காலம் நீ அங்க இல்லையா? எங்க போனே?"

"அவர் இப்படித்தான்டி கேப்பாரு" என்றாள். "எங்க போனே, யாரோட போனே. நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

வைத்துவிட்டாள்.

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பக்கம் ஏறியது. பூட்டு உடனே ஒரு செய்தி அனுப்பினார்: "ஊசின்னு வந்திருக்காங்களே, யாரும்மா இது? சங்கிலியைக் கட்டிப் போட்டுட்டாங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் கூப்பிட்டார். வழக்கமாக 'எடிட்டரம்மா' என்று ராகம் போடுவார். அன்று ராகம் இல்லை.

"அந்த ஊசிப் பக்கத்தை எடுத்துரு."

"எந்த விதிப்படி அத்தான்?"

"அது தப்பு."

"எதை மறுக்குதுன்னு சொல்லுங்க, எடுத்துடறேன். இல்ல, நிஜ ஆளைப் பத்தின்னா அதையும் எழுத்துல குடுங்க. எல்லாரும் பார்க்கற இடத்துல போட்டுத்தான் எடுக்க முடியும்."

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். "யாருங்க போன்ல?" என்று அக்காவின் குரல், ரொம்பச் சாதாரணமாக.

"ஒண்ணுமில்ல, ஆபீஸ்" என்றார் அத்தான். பிறகு தணிந்த குரலில் என்னிடம், "அவ எங்க போனான்னு அந்தப் பக்கம் சொல்லலைதானே? கேள்வி திறந்துதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப நான் எழுதறேன்."

போனை வைத்ததும் சரிபார்ப்பாளர் பொறுப்பிலிருந்து விலகும் படிவத்தைத் திறந்தேன். பூர்த்தி செய்து அனுப்பினேன். கையிலிருக்கும் வரைவுகளைப் பைசல் செய்த பிறகே விலக முடியும் என்று மறுநாள் மாலை பதில் வந்தது.

வரிசையைப் பார்த்தேன். சங்கிலியிடமிருந்து ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே ஊசியிடமிருந்து இன்னொன்று வந்து உட்கார்ந்தது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்து எழுதுகிறார்கள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரைவைத் திறந்தேன்.