எரியாத நாக்கு

தொகுஜிக்கு வெளியாட்களைக் கண்டாலே ஆகாது. காசு கட்டிவிட்டுச் சாயம் போட்டுப் பார்க்க வருகிறவர்கள் எதையாவது கெடுக்கத்தான் வருகிறார்கள் என்பது அவர் எண்ணம். ஒருத்தி மோதிரத்தோடு கையை விடுவாள். இன்னொருவன் முகத்தில் அப்பிய களிம்பு வியர்வையோடு சொட்டச் சொட்ட அவுரிச் சாயத் தாழிமேல் குனிவான். யோஷினோ ஆற்றங்கரைப் பட்டறையில் இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவள் மருமகள் சனாயே. வாசல் பக்கத்துத் தாழியை வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் தொழிலுக்கு வைத்திருந்தார்கள்.

நான்கு தாழிக்கும் அவர் நாக்குதான் தீர்ப்பு. விடிந்ததும் விரலை முக்கி நாக்கில் வைப்பார். சுள்ளென்று எரிந்தால் தாழி நலம், கிள்ளி எடுத்தால் காரம் மிஞ்சிவிட்டது. எரியாவிட்டால் கிளிஞ்சல் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கலக்குவார். முக்கினால் நிறம் மாறிக் காரத்தைக் காட்டும் காகிதம் என்று சனாயே ஒருமுறை எதையோ வாங்கிவந்தாள். அதை அவள் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டார்.

அன்று காலை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஒசாகாக்காரிகள், அக்காவும் தங்கையும், வாய் ஓயாதவர்கள். மூன்றாவது ஆள் நோஜிமா. தகாமத்ஸுவில் பேருந்து ஓட்டுகிறவன், ஐம்பதைத் தாண்டியவன், தனியாக வந்திருந்தான். ஆம்பிளை ஒருத்தன் கைக்குட்டைக்குச் சாயம் போடத் தனியாக எதற்கு வருகிறான்? தொகுஜி அப்போதே அவன்மேல் ஒரு கண் வைத்துவிட்டார்.

வைத்தது வீண் போகவில்லை. தாழி கலக்குகிற குச்சி எடுக்கப் பின்பக்கம் போனவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். நோஜிமா சட்டைக்குள்ளிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். தாழியில் கவிழ்த்தான். புட்டியை மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

தொகுஜி குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். பார்க்கலாம் என்று இருந்தார்.

துணியை முடிந்து, நனைத்து, தாழிக்குள் விட்டுப் பிசைந்தார்கள். வெளியே எடுக்கும்போது இலைப்பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருவது. தங்கைக்காரி படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அக்காவின் துணி வெளியே வந்தது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அழுக்குச் சாம்பல்.

"தாத்தா, இது எப்ப நீலமாகும்?"

"ஆகும், ஆகும். காத்துல பிடி."

"பிடிச்சுக்கிட்டுதான இருக்கேன். பாத்திரம் கழுவின தண்ணில முக்கின மாதிரி இருக்கு!"

"உன் மூஞ்சியப் பாத்து பயந்திருக்கும்டி," என்றாள் தங்கை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நோஜிமாவின் துணியும் அதே சாம்பல்தான். தொகுஜி தாழியை எட்டிப் பார்த்தார். நடுவில் குமிழியாக நிற்கவேண்டிய நீல நுரை, பூ என்பார்கள் அதை, சுத்தமாக இல்லை. நாலைந்து நாளாகவே அது வாடிக்கொண்டுதான் வந்தது. குளிர் விடவில்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதெல்லாம் மறந்துபோயிற்று. புட்டிதான் நினைவில் நின்றது.

"ஏய், என்னத்த ஊத்தின தாழில?"

நோஜிமா திரும்பிப் பார்த்தான். தன்னைத்தான் கேட்கிறார் என்பது அவனுக்கு உடனே புரியவில்லை.

"உன்னத்தான். சட்டைக்குள்ள வச்சிருக்கியே, அந்தப் புட்டிய எடு வெளிய."

எடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான். "சாகே, ஐயா. கொஞ்சூண்டு."

"சாகேயா? திருட்டுப் பூனை மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஊத்தினியே, அது அரிசிச் சாராயமா?"

"கூச்சமா இருந்துதுங்க. போன வருஷம் என் வீட்டுக்காரி இங்க வந்திருந்தா. தாழிக்கு முதல்ல ஒரு வாய் குடுக்கணும், அப்புறம்தான் நம்ம கைய விடணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம். இப்ப கால ஒடிச்சிக்கிட்டு வீட்ல கெடக்கா. நீயாச்சும் போய்ட்டு வா, மறக்காம ஊத்துன்னு அவதான் குடுத்தனுப்பினா."

அப்படிச் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். எல்லாரிடமும் சொல்வார், ஜனங்கள் ரசிப்பார்கள். ஆனால் வார்த்தையை விட்ட பிறகு திரும்ப எடுக்கத் தெரிந்தவர் இல்லை அவர்.

"சாகே குடிச்சு எந்தத் தாழியும் செத்ததில்ல. நீ வேற என்னமோ கலந்திருக்க. போ வெளிய! என் பட்டறைக்குள்ள நிக்காத."

ஒசாகாக்காரிகளின் சிரிப்பு நின்றது. நோஜிமா இடுப்பு வரை குனிந்தான். "மன்னிச்சுக்கங்க ஐயா. தெரியாம செஞ்சுட்டேன்," என்றான். சாம்பல் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். செய்யாத தப்புக்குக் குனிந்த அந்த முதுகைப் பார்க்கத் தொகுஜிக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மாமா, இங்க வாங்க," என்று சமையலறையிலிருந்து சனாயே கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. அவள் குரல் தணிந்தால் நல்லதற்கில்லை.

"அந்த ஆளு ஒரு தாழிலதான ஊத்தினாரு?"

"ஆமா."

"அப்ப மத்த மூணும் ஏன் வாடுது? இப்பதான் பாத்துட்டு வரேன். ஒண்ணுலயும் பூ இல்ல."

அவர் கையில் ஒட்டியிருந்த சாயத்தைத் தேய்த்தார்.

"சுண்ணாம்பு மூட்டை அறுவடை வரைக்கும் வரணும். அடி தட்டிடுச்சு மாமா. அள்ளி அள்ளிப் போட்டிருக்கீங்க. அதான் காரம் ஏறித் தாழி இறுகிப் போச்சு."

"எரியல. போட்டேன்."

"எரியலையா, உங்களுக்குத் தெரியலையா?"

"வாய மூடு."

"மூட மாட்டேன். அன்னிக்கி சூப்புல உப்புக் கரிக்கிற மிசோ விழுத ரெண்டு தடவ போட்டுத் தொலைச்சேன். உங்க மகன் ஒரு வாய் வச்சு துப்பிட்டாரு. நீங்க குடிச்சு முடிச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னீங்க. உப்பு கூட, உப்பு கம்மின்னு நித்தம் சண்ட பிடிக்கிற மனுஷன்! அன்னிக்கே எனக்குச் சந்தேகம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தொகுஜி மேடைமேல் இருந்த ஜாடியைத் திறந்து உப்பில் ஊறிய புளிப்புப் பிளம் பழம் ஒன்றை வாயில் போட்டு மென்றார். குழந்தைக்குக் கொடுத்தால் முகத்தைச் சுளித்து உடம்பை உதறும். அவருக்கு வாயில் ஏதோ சதைப்பற்றாக இருந்தது, அவ்வளவுதான். மாசியில் காய்ச்சல் கண்டதிலிருந்தே இப்படித்தான். அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று தினமும் விரலை முக்கி, ஒன்றும் தெரியாமல், தெரிந்தது போலத் தலையை ஆட்டிவிட்டுச் சுண்ணாம்பை அள்ளியிருக்கிறார். நாக்கு போய்விட்டது என்று சொன்னால் பட்டறையில் தனக்கு என்ன வேலை என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் ஊருக்கு வந்தவனை விரட்டினார்.

காது மடல் வரை சுட்டது.

முற்றத்துக் குழாயடியில் நோஜிமா குத்தவைத்து உட்கார்ந்து அந்தத் துணியை அலசிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து மறுபடி குனிந்தான்.

"வா உள்ள," என்றார் தொகுஜி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். பேச்சு அதட்டலாகவே வந்தது.

ஒசாகாக்காரிகள் ஓரமாக ஒதுங்கினார்கள். நோஜிமா தாழிக்கு முன்னால் வந்து நின்றான்.

"விரல முக்கி நக்கு."

அதைத் தண்டனை என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். மறு பேச்சுப் பேசாமல் நக்கினான். முகம் கோணியது.

"எப்படி இருக்கு?"

"எரியுதுங்க. நாக்கக் கிள்ளி எடுக்குது." பயந்துகொண்டே கேட்டான்: "சாகேனாலயா ஐயா?"

"இல்ல." தாழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு எரியல. இது மட்டுமில்ல, எதுவுமே எரியல. உப்பு தெரியல, புளிப்பு தெரியல. மாசியிலேர்ந்து என் நாக்கு செத்துக் கெடக்கு. யார்கிட்டயும் சொல்லல. சுண்ணாம்ப அள்ளிக் கொட்டித் தாழியக் கெடுத்தது நான். நீ இல்ல."

தாழியை விட்டு அவன் பக்கம் திரும்பினார். அவர் குனிந்தார். எழுபத்தெட்டு வயது முதுகு எவ்வளவு வளையுமோ அவ்வளவு.

"ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்? நான்தான் ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்தியிருக்கணும். மன்னிச்சுக்கங்க," என்று நோஜிமாவும் குனிந்தான்.

அவன் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அந்தத் துணிய வச்சிட்டுப் போ. தவிடு போட்டுத் தாழியத் தேத்தி, நல்ல நீலமாப் போட்டு அனுப்பறேன்."

நோஜிமா துணியைப் பார்த்தான். "வேணாங்க. இதையே கொண்டு போறேன். எப்படி வந்துதுன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பா அவ." மடித்துச் சட்டைக்குள், காலிப் புட்டிக்குப் பக்கத்தில், வைத்துக்கொண்டான்.

வஞ்சமாகச் சொன்னானா, வெள்ளையாகச் சொன்னானா என்று தொகுஜிக்குத் தெரியவில்லை. முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை. இன்று சாயங்காலம் தகாமத்ஸுவில் ஒரு வீட்டில் அந்தச் சாம்பல் துணி விரியும். ஒருத்தி கேட்பாள், ஒருத்தன் சொல்வான்.

நோஜிமா ஏறிய பேருந்து போன சத்தம் கேட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார். சனாயே தவிட்டுச் சட்டியோடு இரண்டாவது தாழியருகே நின்றாள். விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பட்டறையில் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.