மூன்று மீட்டரில் ஒரு நிறுத்தம்

“காது திறந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“அதெல்லாம் திறந்தாச்சு. நீ வண்டியை எடும்மா.”

“நான் இன்னும் வால்வையே தொடலப்பா. அதுக்குள்ள எப்படித் திறக்கும்?”

“முன்கூட்டியே திறந்து வெச்சுட்டேன். பாசஞ்சர் தயாரா இருந்தா டிரைவருக்கு நல்லதுதானே?”

ஒலிபெருக்கியில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. மகள் சிரிக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டக் கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள். மருத்துவமனை கொடுத்த பருத்தி உடையில், வலது காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டியபடி, ஸ்டியரிங் ஒன்றுதான் குறை என்பதுபோல முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இரும்பு உருளை மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருந்தது. சின்னப் பேருந்து அளவு இருக்கும். உள்ளே ஆறு இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி, ஒரு ஆக்சிஜன் குழாய். கதவைச் சாத்திக் காற்றை அடைத்து, அழுத்தத்தை வெளியே இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் முகமூடி வழியே இழுக்கும் சுத்தமான ஆக்சிஜன் ரத்தத்தில் கரைந்து, மற்ற நேரங்களில் எட்டிப் பார்க்காத மூலைகளுக்கும் போய்ச் சேரும். ஆறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் புண்கள் சில, அப்போது மனம் மாறும்.

இந்தச் சிகிச்சையின் சொற்கள் கடலிலிருந்து வந்தவை. ஆழத்தில் முங்கி எழுந்து நோய்ப்பட்டவர்களுக்காகத்தான் இத்தகைய உருளைகள் முதலில் பயன்பட்டன. அதனால் இன்றும் அழுத்தத்தை மீட்டரில்தான் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டிருப்பார். உள்ளே ஆறு பேர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதினான்கு மீட்டர் ஆழத்தில் இருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மகளுக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு கடலை உண்டாக்கி, அதில் மனிதர்களை இறக்கி, நனையாமல் திருப்பிக் கொண்டுவருகிற வேலை.

அப்பாவுக்கு அந்தச் சொற்கள் ஒத்துவரவில்லை. இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒருமுறைகூட யார் மீதும் உரசாதவர். “மீன் இல்ல, அலை இல்ல, என்ன பெரிய ஆழம்?” என்று முதல் நாளே கேட்டார். பத்து நாளில் அந்த அறையின் அகராதியையே மாற்றிவிட்டார்.

“கம்ப்ரஷன்னு சொன்னா வயசானவங்க பயந்துக்கறாங்க, டாக்டர். இறக்கம்னு சொல்லுங்க. மலைப்பாதையில பஸ் இறங்கறப்ப காது அடைக்கும்ல, அதேதான். எச்சில் முழுங்கினா சரியாப் போயிடும். திரும்பி வர்றது ஏற்றம். ஏற்றத்துல மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் முகமூடியைக் கழற்றிச் சாதாரணக் காற்றை இழுக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு மீறினால் நரம்பைத் தாக்கி வலிப்பு வரலாம். அதற்கு ஏர் பிரேக் என்று பெயர். “எங்க ஏர் பிரேக்குல வண்டி நிக்கும், உங்க ஏர் பிரேக்குல மாஸ்க் கழறும். யாருக்குப் புரியும்? டீ நிறுத்தம்னு வெச்சுக்கங்க.” தவறாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீ எங்கே என்று கேட்டு, உள்ளே கூட வரும் நர்ஸிடம் திட்டும் வாங்கினார். அளவு மீறுவதற்கு அவர் வைத்த பெயர், டேங்க் வழியறது.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு கவனித்தார். புது நோயாளிகள் டாக்டர் விளக்கியதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, டிரைவரிடம் போய் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். போன வாரம் நோயாளிகளுக்கான தாளைப் புதிதாக அச்சடித்தபோது மருத்துவச் சொல் ஒவ்வொன்றுக்கும் கீழே டிரைவரின் சொல்லும் இருந்தது. அப்பா அந்தத் தாளில் நான்கு பிரதி வாங்கி, ஒன்றைச் சமையலறைக் கதவில் ஒட்டினார்.

ஆனால் தன் கால் புண்ணுக்கு மட்டும் அவர் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

ஷூவுக்குள் விழுந்த ஒரு குட்டி நட்டுதான் காரணம். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்ததால் அதை மிதித்தபடியே ஒரு நாள் முழுக்க எட்டு டிரிப் ஓட்டியிருக்கிறார். சாயங்காலம் சாக்ஸ் சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. “எட்டு டிரிப்! ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல” என்று அதையும் பெருமையாகவே சொல்வார். கால் கட்டைவிரல் போய்விட்டது. புண் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். வலது பாதம், பிரேக்கை மிதிக்கிற பாதம். அது போனால் வண்டியும் போனது. மறுபடி தன் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. முப்பது தடவை இந்த உருளைக்குள் போய்வரச் சம்மதித்ததும் அதற்காகத்தான்.

இன்று முப்பதாவது தடவை. காலையில் புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் சென்சார் ஒட்டி, அங்கே எவ்வளவு ஆக்சிஜன் வந்து சேர்கிறது என்று அளந்திருந்தார்கள். முதல் நாள் இருபத்திரண்டு. நாற்பதைத் தாண்டினால் கத்தி வேண்டாம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். இன்றைய அளவு எழுதிய தாள் இன்னும் டாக்டர் அறையிலேயே இருந்தது.

“சரி, இறக்கம் ஆரம்பம்” என்றாள் மகள். வால்வைத் திருப்பினாள். காற்று இரைச்சலோடு உள்ளே போனது.

அவள் கண் அப்பாவின் முகத்திலேயே இருந்தது. காரணம் இருந்தது. ஆறாவது தடவை, அவள் முதல்முறையாகத் தனியாகப் பலகையில் உட்கார்ந்த அன்று, அவருக்கு இறக்கத்தில் காது திறக்கவில்லை. கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பாள். மகளின் முதல் ஓட்டத்தில் நடுவழி நிறுத்தம் என்று பதிவேட்டில் ஏறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். வெளியே வந்ததும் காதிலிருந்து ரத்தம் கசிந்தது. நோயாளிகளுக்கான தாளில் அதற்குப் பெயர் பரோட்ராமா. கீழே டிரைவரின் சொல், காதில் அடி. ஒரு வாரம் சிகிச்சை நின்றது. அந்த ஒரு வாரத்தில் புண் மறுபடி சிவந்தது. வீட்டில் இரண்டு நாள் அவருக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். “நிறுத்தத் தெரியாத டிரைவரை நீங்க என்னன்னு சொல்லுவீங்கப்பா?” அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்.

ஒரு மீட்டர். இரண்டு.

டிரைவருக்கு எதிர் இருக்கையில் இன்று புதிதாக ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பிறகு எலும்பு ஆறாமல் வந்தவர். கதவு மூடுவதற்கு முன் நோயாளிகளுக்கான தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, “இதை யார் எழுதினது? தெளிவா இருக்கே” என்று கேட்டிருந்தார். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “யாரோ ஒரு டிரைவராம், டீச்சர்” என்று சொல்லியிருந்தார்.

இப்போது ஹெட்மிஸ்ட்ரஸின் விரல்கள் இருக்கையின் கைப்பிடியை இறுக்கின. கண்ணை மூடி, கழுத்தை நேராக வைத்து, மேடையில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளைக் கையைத் தூக்கச் சொன்னவர். தான் தூக்கிப் பழக்கமில்லை. கடைசி இருக்கைக்காரரின் முகமூடி வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்ததால் நர்ஸ் பார்க்கவில்லை. பலகையிலிருந்து பார்த்தால் ஹெட்மிஸ்ட்ரஸின் முதுகு மட்டும்தான் தெரியும்.

டிரைவர் பார்த்தார். அந்த உட்காருகிற விதம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரும் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

காற்றின் இரைச்சலில் குரல் எடுபடாது. அவர் விரல் முட்டியால் சுவரில் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

பள்ளி விட்டதும் அப்பாவின் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து டிப்போவரை போய்வந்தே வளர்ந்தவள் மகள். கண்டக்டர் மணியை ஒருமுறை அடித்தால் நில், இரண்டுமுறை அடித்தால் போ. அந்த ஒற்றைத் தட்டு அவள் காதில் விழுந்து மூளைக்குப் போவதற்குள் கை வால்வை மூடியிருந்தது. அழுத்தம் காட்டும் முள் மூன்று மீட்டரில் அசையாமல் நின்றது. ஒரு மீட்டர் மேலே கொண்டுவந்தாள். யாரும் குலுங்கவில்லை. இரைச்சல் மட்டும் மெல்ல அடங்கியது.

“யாருக்கு?” என்றாள்.

“டீச்சருக்குக் காது” என்றார் அப்பா.

“எனக்கு ஒண்ணும் இல்லை. சமாளிச்சுக்குவேன்.” ஹெட்மிஸ்ட்ரஸின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

“நானும் அப்படித்தான் டீச்சர் சொன்னேன். ஒரு வாரம் லீவு குடுத்துட்டாங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்க. அவசரமே இல்ல. இந்த டிரைவர் காத்திருப்பா.”

நர்ஸ் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்கைப் பிடித்து ஊதினார், எச்சில் விழுங்கினார், மறுபடி ஊதினார். சட்டென்று முகம் தெளிந்தது. “திறந்துடுச்சு” என்றார், யாரோ புது வகுப்பறையைத் திறந்துவிட்டதுபோல.

டிரைவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். மகள் வால்வைத் திருப்பினாள்.

“பிரேக் போட்டது தெரிஞ்சுதா உங்களுக்கு?” அப்பா பொதுவாக எல்லோரையும் கேட்டார். “நின்னுக்கிட்டிருக்கறவன் கம்பியைப் பிடிக்காமலே விழாம இருந்தா, அதுதான் பிரேக். எனக்கு அது கைவர ஆறு வருஷம் ஆச்சு. அவ பொறந்ததிலேருந்து போடறா.”

பலகைக்கு முன்னால் மகள் பதிவேட்டில் எழுதினாள்: இறக்கத்தில் மூன்று மீட்டரில் நிறுத்தம். எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்தாள். அவளுக்கு அந்த வரி அழகாக இருந்தது.

பதினான்கு மீட்டரில் ஒன்றரை மணி நேரம் கழிந்தது. டீ இல்லாத டீ நிறுத்தங்களும் ஆயின. பிறகு ஏற்றம். அழுத்தம் குறையக் குறையக் காற்று குளிர்ந்து, உருளைக்குள் மெல்லிய பனிமூட்டம் படர்ந்தது. ஆறு பேரும் அதிகாலைப் பேருந்தில் போகிறவர்களைப்போல மங்கலாகத் தெரிந்தார்கள். மறுபடி மூன்று மீட்டரில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். இது எப்போதும் உள்ளது. கூட வந்து சாதாரணக் காற்றையே இழுத்த நர்ஸின் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் பதமாக வெளியேறுவதற்காக.

அப்போதுதான் டாக்டர் வந்தார். கையிலிருந்த அளவுத் தாளை வட்டக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். பனிக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். நர்ஸ்தான் முதலில் படித்தார்.

“நாற்பத்தி நாலு!”

உள்ளே கைதட்டல். ஹெட்மிஸ்ட்ரஸ்கூடத் தட்டினார். “பாதம் உங்களுக்குத்தான். கத்தி வேண்டாம். புண்ணும் பாதியாச் சுருங்கியிருக்கு” என்றார் டாக்டர் மைக்கில். மகள் முகத்தை வேறு பக்கம் திருப்பி, துடைக்கத் தேவையே இல்லாத ஒரு வால்வைத் துடைத்தாள்.

“அடுத்த மாசம் பதினேழாம் நம்பர்” என்றது அப்பாவின் குரல். “எல்லாரும் ஏறிடுங்க. டீச்சருக்கு ஜன்னல் சீட்டு.”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நேற்று நடந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் நைலான் இழை ஒன்றால் பாதத்தைப் பத்து இடங்களில் தொட்டார். தொட்டபோது அப்பா பேசாமல் இருந்தார். தொடாதபோது, “தெரியுது, தெரியுது” என்றார். கால் பிழைத்துவிட்டது. ஆனால் எந்தப் பெடலின் மேல் இருக்கிறோம் என்று அந்தக் காலுக்குத் தெரியாது.

இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. மகள் மைக்கை அணைத்துவிட்டு, ஓரத்திலிருந்த ரிசீவரை எடுத்தாள். உள்ளே முன் இருக்கையின் பக்கத்தில் மட்டும் ஒரு போன் உண்டு. அப்பா எடுத்தார். பனி கலைந்து முகம் தெளிவாகத் தெரிந்தது.

“என்ன டிரைவர் மேடம், தனியாப் பேசறீங்க?”

“அப்பா. ஒண்ணு கேக்கணும். அங்க இருக்கறவங்களுக்குக் கேக்காது.”

“கேளு.”

“டாக்டர் சொல்லி நீங்க வண்டி ஓட்டறதை நிறுத்தினா அது வேற. அப்படி நடக்கறது எனக்குப் பிடிக்கல. இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் இல்ல. என் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவேன். இப்பவும் சொல்றேன், இங்க புதுசா வர்றவங்க எல்லார்கிட்டயும்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “நேத்து அந்த நூல் உங்களுக்குத் தெரியலப்பா. நான் பக்கத்துல நின்னேன்.”

அவர் முக்காலி மேலிருந்த காலைப் பார்த்தார்.

“டீச்சர் வாயே திறக்கல. நீங்களாப் பார்த்து ஒரு தட்டு தட்டினீங்க, நான் நிறுத்தினேன். அந்த மாதிரி, பதினேழாம் நம்பருக்கும் நீங்களே ஒரு தட்டு தட்டிடறீங்களாப்பா?”