முகம் காட்டாத மாலை

"நகருங்க. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு ஆவி போற வழியை அடைச்சுட்டீங்க," என்றாள் பஹியா.

"இன்னும் முடியலை."

"என்ன முடியலை? அவன் பாடி முடிச்சு அரை மணி ஆச்சு. எல்லாரும் உள்ள போயாச்சு. நீங்க மட்டும் யாரை முறைக்கிறீங்க?"

முராத் லனியாடோ ஆளை முறைக்கவில்லை. எதிரே மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பால்கனியை முறைத்துக்கொண்டிருந்தார்.

எருசலேமில் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டடத்தில் நாலு பக்கமும் வீடு, நடுவில் முற்றம். எல்லார் வீட்டு பால்கனியும் முற்றத்தைப் பார்த்து இருக்கும். முராத்தின் பால்கனி மட்டும் தெருவைப் பார்க்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் வீடு வாங்கும்போது, "எனக்குத் தெருப் பக்கமாக்கும்!" என்று அவர்தான் எல்லாரிடமும் அளந்தார். இப்போது கொரோனா வந்து ஜெப ஆலயங்களைப் பூட்டி, மனுஷர்கள் பால்கனியிலிருந்தே ஜெபிக்கிற காலம் வந்ததும், அவருக்கு முற்றம் என்று மிஞ்சியது இந்தச் சமையலறை ஜன்னல்தான். ஒரு பக்கம் கேஸ் குழாய், இன்னொரு பக்கம் பஹியா உலர்த்திய துணி, நடுவில் அவர் தலை.

அந்தத் தலையாவது வேண்டியிருந்தது. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டு ஜெபம். பத்து பேர் இல்லையென்றால் இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் கதீஷைச் சொல்ல முடியாது. கூப்பிடு தூரத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஜன்னல் வழியாகவாவது முகம் காட்ட வேண்டும். முகம் தெரிந்தால் கணக்கில் சேர்த்தி, தெரியாவிட்டால் இல்லை. இந்தச் சட்டத்தை ஊரடங்கின் முதல் நாளே முற்றத்துக்கு எடுத்துச் சொன்னவரும் முராத்தான். முப்பத்தொரு வருஷம் ஜெப ஆலயத்து மேடையில் நின்று ஜெபத்தை நடத்தியவர். சிரியாவின் அலெப்போ ஊரிலிருந்து வந்த யூதர்களின் ராகம் ஒவ்வொன்றும் அவர் தொண்டையில் இருந்தது.

அந்த மூன்றாம் மாடி பால்கனிக்காரன் ஹனான் துவேக். பஸ் டிரைவர், வயது ஐம்பத்திரண்டு. முன்பெல்லாம் ஜெப ஆலயத்துக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், அதிலும் ஒரு தடவை பாதியில் எழுந்து போவான். பஸ்கா பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் அவன் அம்மா சல்ஹா முதியோர் இல்லத்தில் கொரோனாவில் போய்விட்டாள். கடைசியாக அவன் அவளைப் பார்த்தது போன் திரையில். அடக்கத்துக்கு நாலே பேர். துக்கத்தில் இருப்பவனுக்கே ஜெபம் நடத்துவதில் முன்னுரிமை. இதுவும் முராத் முப்பத்தொரு வருஷமாக எல்லாரையும் மிரட்டிக் காப்பாற்றிய சட்டம்தான். அதனால் ஹனான் ஜெபம் நடத்த எழுந்தபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை.

பிழையை மட்டும் திருத்தலாம் அல்லவா? திருத்தினார். ஹனான் எந்தச் சொல்லில் தடுக்கினாலும் சமையலறை ஜன்னலிலிருந்து சத்தம் போகும். அவன் நிறுத்தி, இந்தப் பக்கம் பார்த்து, "நன்றி அபூ ஷாவுல்! நல்லவேளை நீங்க இருக்கீங்க!" என்பான். அங்கே மரியாதைக்குரிய ஆளை மூத்த மகன் பெயரைச் சொல்லி, இன்னாரின் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கோபப்பட்டிருந்தால் முராத்துக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

"இன்னிக்கு அவன் பாடினப்ப அழுதுட்டேன்," என்றாள் பஹியா, பருப்பும் சோறும் கலந்த சட்டியை இறக்கியபடி.

"வெங்காயம் நறுக்கினே."

"வெங்காயம் காலைல நறுக்கியாச்சு."

"முப்பத்தொரு வருஷம் நான் பாடினேன். ஒரு நாள் அழுதியா?"

"பொம்பளைங்க நாங்க மேல மாடத்துல திரைக்குப் பின்னாடி உக்காந்திருந்தோம். என்ன கேட்டுச்சு? பாதி நேரம் மருமகளைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்." சட்டியை மூடினாள். "நீங்க நல்லாத்தான் பாடுவீங்க. அவன் பாடலை, அம்மாகிட்ட பேசுறான்."

முராத் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் கீழ் வீட்டு சியோன் முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றான். சந்தையில் தக்காளி விற்பவன், மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஹனான்! கேட்டுக்க! ஆலயம் திறந்ததும் மேடை உனக்குத்தான்! அபூ ஷாவுலுக்கும் வயசாச்சு, கொஞ்சம் உக்காந்து கேக்கட்டுமே!"

எந்த பால்கனியிலோ ஒருத்தி கை தட்டினாள்.

"வாயை மூடு சியோன்," என்றான் ஹனான். "அது அவர் இடம்."

அவன் சொன்னது முராத் காதில் விழாமல் இல்லை. விழுந்ததால்தான் இன்னும் எரிந்தது. என் இடத்தை எனக்கே இவன் தானம் பண்ணுகிறானா? பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் நடுவில் வரும் ஏழு வாரமும் ஒவ்வொரு நாளாக எண்ணி, நாளுக்கு ஒன்றாகக் கெட்ட குணத்தை விடும் காலம். 'பொறாமை எலும்பை அரிக்கும், விடுங்கள்' என்று அவர் வருஷா வருஷம் மேடையில் பேசியிருக்கிறார். இப்போது அரித்துக்கொண்டிருந்தது அவர் எலும்பு.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் இரண்டாம் மாடியிலிருந்த அண்ணன் தம்பி இருவரையும், நோய் இருக்கலாம் என்று தனிமைப்படுத்தும் ஓட்டலுக்கு வண்டி வந்து ஏற்றிப் போனது. இத்தனை நாள் பன்னிரண்டு பேர் இருந்த முற்றத்தில் இப்போது முராத்தையும் சேர்த்துச் சரியாகப் பத்து. வெளியாள் யாரும் உள்ளே வர போலீஸ் விடாது. காலையில் ஹனான் மருத்துவமனைக்காரர்களுக்கு பஸ் ஓட்டப் போய்விடுவான், ஆகையால் முற்றத்தில் மாலை ஜெபம் ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் அம்மா போன நாளிலிருந்து அவன் தவறவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

சியோன் ஆள் எண்ணத் தொடங்கினான். மனுஷரை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியை எடுத்து, ஒரு தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் போக வேண்டும். ஒன்பதாவது சொல்லில் வரி நின்றது.

"அபூ ஷாவுல்! தலை எங்க?"

முராத் ஜன்னலுக்குக் கீழே, குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிடுறாங்க," என்றாள் பஹியா.

"கால் வலிக்குது."

"முகத்தைத்தானே கேக்குறாங்க, காலையா கேட்டாங்க?"

"மெதுவா பேசு!"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கரண்டியை வைத்தாள். கிட்ட வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எந்திரிங்க. தாயைப் பறிகொடுத்தவன் அங்க நிக்கிறான்."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் நான் இல்லேன்னா என்னாகுதுன்னு தெரியட்டும்."

"என் தலை கணக்குல சேராது. சேர்ந்திருந்தா உங்களைக் கெஞ்சிக்கிட்டு நிப்பேனா? எப்பவோ நீட்டியிருப்பேன்."

"அபூ ஷாவுல்! சூரியன் இறங்குது!" இது சியோன்.

"விடு சியோன், கத்தாத," என்று ஹனானின் குரல் வந்தது. "முடியாம படுத்திருப்பாரு. இந்த நோய்க் காலத்துல வயசானவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அவங்கவங்க தனியா ஜெபிச்சுக்கலாம்."

தனித்தனியாக முணுமுணுத்தார்கள். முராத்துக்கு அந்த ஜெபத்தின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். கதீஷ் வர வேண்டிய இடம் வந்தது. ஹனான் அந்த வரியில் வந்து நின்றான். சொல்ல வாய் எடுத்து, சொல்லக் கூடாது என்று நிறுத்தியது மூச்சிலேயே கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. முற்றம் முழுக்க ஒரு தட்டு வைக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், இன்னொரு பால்கனியிலும்.

முராத்துக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் இல்லை. 'பாடாமலே அழ வைக்கிறானே' என்றுதான் தோன்றியது. வெட்கம் அதற்குப் பின்னால், மெதுவாக, மாடிப்படி ஏறி வருகிற ஆள் மாதிரி வந்தது.

பஹியா அன்று சோற்றை மட்டும் தட்டில் போட்டு, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹனான். முகக்கவசம், டிரைவர் சட்டை. இறைச்சி வைத்த குப்பா உருண்டை போட்ட சூப்புப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றான்.

"வீட்டுல குடுத்து விட்டா. அபூ ஷாவுலுக்கு எப்படி இருக்கு? காய்ச்சல் இருக்கா? நான் ஓட்டுற பஸ்ல ஒரு டாக்டரம்மா வரும், சொன்னா வந்து பாக்கும்."

பஹியா அவனைப் பார்த்தாள். "என்கிட்ட கேக்காதப்பா. உள்ள இருக்காரு, அவரையே கேளு," என்று ஒதுங்கிக்கொண்டாள்.

முராத் வந்தார். 'காய்ச்சல்' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும். சூப்பும் கிடைக்கும், டாக்டரும் வருவார், மேடையும் மிஞ்சும். ஹனானின் கண்ணுக்குக் கீழே முகக்கவசத்தின் கம்பி அழுத்தி இரண்டு சிவப்புத் தழும்பு இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லை ஹனான். நேத்து நல்லாத்தான் இருந்தேன்."

"பின்ன? தூங்கிட்டீங்களா?"

"ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சு."

ஹனானுக்கு உடனே பிடிபடவில்லை. "கேட்டுச்சா? கேட்டும்..."

"ஆமா."

"ஏன்?"

"உன் குரல். உன் பால்கனி. சியோன் சொன்னது. எல்லாம்தான்."

ஹனான் சிரிப்பான், கத்துவான், எதையாவது செய்வான் என்று முராத் எதிர்பார்த்தார். அவன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அபூ ஷாவுல், இருபது வருஷம் எங்கம்மா, 'ஆலயத்துக்கு வாடா, வாடா'ன்னு கெஞ்சினா. நான் போகலை. கடைசில போன்ல சொன்னேன், 'உனக்காக ஒரு நாள்கூட விட மாட்டேன்'னு. அவளுக்குக் காது கேட்டுச்சோ இல்லையோ." பாத்திரத்திலிருந்து கண்ணை எடுத்தான். "நீங்க ஒளிஞ்சு உக்காந்திருந்தீங்க."

"என்னை மன்னிச்சிடு."

"நான் எப்படி மன்னிக்கிறது? என்கிட்டேருந்தா எடுத்தீங்க? அவகிட்டேருந்து எடுத்தீங்க. அவகிட்ட போய்க் கேளுங்க!"

கோபத்தில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் சொன்னது முராத்திடம்.

"செத்தவகிட்ட எப்படிக் கேக்குறதாம்?" என்றாள் பஹியா.

"அதுக்கு வழி இருக்கு," என்றார் முராத். "செத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா பத்து பேரைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க காது கேக்கச் செஞ்ச தப்பைச் சொல்லணும்."

"கல்லறைத் தோட்டத்தைத்தான் பூட்டி வச்சிருக்கே."

"ஆமா. ஆனா பத்து பேர் இங்கேயே இருக்காங்க."

பஹியா முக்காலியில் உட்கார்ந்தாள். "சியோன் முன்னாடியா? நாளைக்குச் சந்தை முழுக்கச் சொல்லிடுவான். அப்புறம் மேடைக்கு யாரு உங்களைக் கூப்பிடுவா?"

"தெரியும்."

"ஹனானுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே, பஹியா. இவ்வளவு வருஷம் படிச்சு வச்சு என்ன பண்ண?"

சாயங்காலம் இரண்டாம் மாடி அண்ணன்காரன் நோய் இல்லையென்று சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான். சியோன் எண்ணினான். பத்தாவது சொல் அண்ணன்காரன் தலையில் விழுந்தது. முராத் இல்லாமலே வரி நிறைந்தது. யாரும் சமையலறை ஜன்னல் பக்கம் பார்க்கக்கூட இல்லை. 'கூப்பிடவும் இல்லையே' என்று அந்த நேரத்திலும் அவருக்குச் சுருக்கென்றது. உள்ளேயே இருந்துவிடலாம். இன்று யாருக்கும் நஷ்டமில்லை.

பஹியா அடுப்பை அணைத்தாள், ஆவி வராமல் இருக்கட்டும் என்று.

முராத் தலையை வெளியே நீட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க."

"அடேடே, அபூ ஷாவுல்! உடம்பு எப்படி இருக்கு?" என்றான் சியோன்.

"உடம்பு நல்லா இருக்கு. நேத்தும் நல்லா இருந்துச்சு. நீ கூப்பிட்டப்ப நான் இந்த ஜன்னலுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன்." அவர் குரல் மேடைக் குரல் இல்லை, கரகரத்தது. "ஹனானைப் பாத்துப் பொறாமைப்பட்டு முகம் காட்டாம இருந்தேன். அதனால சல்ஹாவுக்கு நேத்து கதீஷ் இல்லாமப் போச்சு. கடவுளுக்கு விரோதமா பாவம் பண்ணினேன், ஹனானோட அம்மா சல்ஹாவுக்கு விரோதமாவும் பண்ணினேன். பத்து பேர் கேக்கச் சொல்றேன். கல்லறை திறந்ததும் அங்க வந்து அவ காலடியிலயும் சொல்றேன்."

மேல் மாடியில் ஒருத்தி, "ஐயோ" என்றாள். சியோன், வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

ஹனான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கல்லறைக்கு நானும் வர்றேன்," என்றான். "தனியாப் போனா உங்களுக்கு இடம் தெரியாது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முராத் கேட்கவும் இல்லை.

ஹனான் புத்தகத்தைத் திறந்தான். திறந்தவன் மறுபடி நிமிர்ந்து பார்த்தான். "அபூ ஷாவுல், இன்னும் கொஞ்சம் வெளிய வாங்க. அந்தத் துணி மறைக்குது. உங்க முகம் எனக்குத் தெரியலை."

"ஆளு நிறைஞ்சாச்சே, ஹனான்," என்றான் சியோன்.

"தெரியும். அவர் முகம் எனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

பஹியா பின்னாலிருந்து கையை நீட்டித் துணியை ஒரே இழுப்பாக இழுத்து உள்ளே எடுத்தாள். முராத் விலா எலும்பு ஜன்னல் விளிம்பில் அழுத்தும்வரை குனிந்து நின்றார்.

கதீஷ் தொடங்கியது. அவன் குரல் முந்தாநாளைவிட நன்றாக இருந்தது. சனியனே, இன்னும் நன்றாக இருந்தது. முராத்தின் நெஞ்சில் அந்தப் பழைய எரிச்சல் எங்கும் போய்விடவில்லை, அதே இடத்தில் கிள்ளியது. கிள்ளட்டும் என்று விட்டார். முதல் 'ஆமென்' வரும் இடத்தில் முற்றத்தில் இருந்த மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு, தொண்டை கிழியச் சொன்னார்.