துண்டு போட்ட நாற்காலி

"டவலைப் போடறேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்குப் போயி..."

"அதுக்குப் போயா? வேலையை விட்டுட்டு வந்து நிக்கறே, வாயைப் பாரு..."

"நான் எங்கக்கா விட்டேன்? இடம் பிடிச்சிருக்கேன்! சன்னலோரத்து நாற்காலி..."

"ஆமா, பிடிச்சுக் கிழிச்சே!"

சின்னவள் வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அக்காள் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள். இருவருக்கும் ஒரே ஓட்டலில்தான் வேலை. அக்காள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறாள். சமையல்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பழகிவிட்டாள். சின்னவளுக்குப் பின்கட்டில் சலவை அறை. நாள் முழுக்க நின்றபடியே ஈர விரிப்புகளை இஸ்திரி உருளைக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த அறையில் நாற்காலி என்று இருப்பது ஒன்றே ஒன்று. கிழிசல் தைக்கும் அம்மாளுடையது. அந்த அம்மாள் வேலையிலிருந்து நிற்கப்போகிறாள் என்று காதில் விழுந்ததிலிருந்து சின்னவளுக்குக் கண்ணை மூடினால் நாற்காலிதான். விரிப்புகளின் வெள்ளை அலைமேல் அது படகுபோல் ஆடி ஆடி வரும். அவள் ஏறி உட்காருவாள். கால்கள் கழன்று, மீன்களாகி, எங்கோ நீந்திப் போகும்.

சூப்பர்வைசர் வெள்ளைக்காரி. அவளிடம் நாற்காலியைக் கேட்க இங்கிலீஷ் வேண்டுமே. ஃபோனில் ஒரு பாடம் கிடைத்தது: வேலையில் அலுத்துப்போனால் என்ன சொல்வது? காதில் மாட்டிக்கொண்டாள். பாடம் நடத்துகிறவர் ஒரு வாக்கியம் சொல்லி, தமிழில் அர்த்தம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் உலர்த்தும் இயந்திரம் உறுமத் தொடங்கிவிடும். அதனால் என்ன? தெரிந்த ஒன்றிரண்டு சொற்களை வைத்து, அர்த்தங்களை இஸ்திரி ஆவிக்குள் அவளே பார்த்துக்கொண்டாள். கயிற்றின் நுனியில் ஒருத்தி தொங்கினாள். இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவத்தி ஒன்று உருகி உருகி நடந்து போனது. கடைசியில் டவலை வீசுகிற வாக்கியம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இது தெரியாதா? பஸ் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் வெள்ளைக்காரர்களிலும் உண்டு போலிருக்கிறது!

"அதான் சூப்பர்வைசர்கிட்டப் போயி, நாற்காலியைக் கை காட்டி, ஐ த்ரோ இன் தி டவல் மேடம்னேன்."

"அடிப்பாவி! அவங்க பாஷையில துண்டைப் போட்டா, தோத்துட்டேன், ஆளை விடுங்கடா சாமின்னு அர்த்தம்டி!"

"போக்கா. சூப்பர்வைசரம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்துச்சு. காலியாக் கிடந்த அந்த நாற்காலியிலயே உட்கார வெச்சுது. குடிக்கத் தண்ணி கொடுத்துச்சு."

"போறவளுக்கு மரியாதை பண்ணியிருக்கா."

சின்னவள் வாளிக்குள் பார்த்தாள். கால்கள் வெளுத்து, யாருடையவோபோல் தெரிந்தன. இன்று மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சன்னலில் வெயில் மெல்ல நகர்ந்தது. தலையணை உறை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு தையல்கூடப் போடாமல், இனி தினமும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம துண்டு உட்காருதுக்கா. அவங்க துண்டு மட்டும் ஏன் எழுந்து போகுது?"

அக்காளுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "தத்துவம் பேசாதே. நாளைக்கு உன் இடத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுடுவா. இப்பவே பேசு."

"நீயே பேசேன். உனக்குத்தான் நல்லா வருமே."

"எனக்குத் திட்டத்தான் வரும். கெஞ்ச வராது. இந்தா, நம்பரைப் போட்டுட்டேன், மணி அடிக்குது."

ஃபோன் சின்னவளின் கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. பாடத்தில் கேட்டவையெல்லாம் மண்டைக்குள் ஓடிவந்தன. கயிறு, மெழுகுவத்தி, டவல். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "எஸ்?" என்றது சூப்பர்வைசரின் குரல்.

அக்காள் அவள் வாயையே பார்த்தாள்.

"மேடம்... நோ டவல் மேடம். லெக் பெயின். அந்தச் சேர்... அந்தச் சேர் எனக்கு வேணும் மேடம்."