தலைவர் தந்த கடைசி வார்த்தை

எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். நாளெல்லாம் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டே பிழைப்பவன், சொந்தச் சட்டையை வழக்கமாகக் கசங்கலோடுதான் மாட்டிக்கொண்டு போவான். இன்று அவன் மனைவிக்கு இரங்கல் கூட்டம். தலைவர் பேசுகிறார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சங்கத் தலைவர் அவர். ஒரு காலத்தில் அவன் மனைவிக்குப் பக்கத்துத் தொட்டியில், பிளீச்சிங் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றவர்தான். அவள் இருமினால் அவரும் இருமுவார். நெடியை வெளியே தள்ள ஒரு ஃபேன் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவரும் அவரே. எங்கள் அண்ணன் நிற்கட்டும் என்று அவரைச் சங்கத் தேர்தலில் நிறுத்தி, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள்.

வேலைநிறுத்தம் நடந்தது, ஃபேன் வந்தது. கூடவே தலைவருக்கு ஓர் அறையும் வந்தது. ஃபேன் அந்த அறைச் சுவரில் ஏறியது. தற்காலிக ஏற்பாடாம். பேச்சுவார்த்தைக்கு வருகிற அதிகாரிகள் நெடி தாங்காமல் எழுந்து போய்விட்டால் நஷ்டம் தொழிலாளிக்குத்தானே என்று விளக்கம் வேறு. தலையாட்டுவதற்கென்றே நாலு பேரை அதற்குள் தேற்றியிருந்தார். தொட்டிப் பக்கம் எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்கப் போனவளிடம், சங்கத்துக்குள் குழப்பம் பண்ண உன்னை யார் தூண்டிவிட்டது என்று விசாரித்தார். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு 'அந்தாளு' என்று பெயர்.

அவருக்கு இருமல் நின்றுவிட்டது. அவளுக்கு அது நெஞ்சிலேயே குடித்தனம் நடத்தியது. அதே ஆஸ்பத்திரி வார்டில், தான் துவைத்த போர்வையிலேயே படுத்து, போய்ச் சேர்ந்தாள்.

கூட்டம் சலவைக்கூடத்து முற்றத்தில். பேனரில் ஆளுயரத்துக்குத் தலைவர். மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு அவள். மேடை ஏறுமுன் தலைவர் அவனை ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். சென்ட் வாசனை குப்பென்று அடித்தது.

"தம்பி, அவ கடைசியா சொன்னதா ஒண்ணு பேசப் போறேன். நீ அப்புறம் மைக்ல வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நீங்க வார்டு பக்கமே எட்டிப் பாக்கலையே."

"அதனாலதான் உன்னைச் சொல்லச் சொல்றேன்" என்றார், குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு. இஸ்திரிப் பகுதியில் அவன் காலம் நிம்மதியாக ஓடுவதை நினைவூட்டினார். தொட்டியில் இப்போது ஓர் ஆள் குறைகிறது என்பதையும்.

பேசினார். குரல் தழுதழுத்தது. சரியான இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். "தலைவரைக் கைவிட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் என் தங்கச்சி கண்ணை மூடினா."

நாலு பேரும் கைதட்டினார்கள். வந்திருப்பது இரங்கல் கூட்டத்துக்கு என்று உறைக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மைக் அவன் கைக்கு வந்தது. ஆமாம் என்றால் இஸ்திரி. இல்லை என்றால் தொட்டி. தொட்டிப் பெண்கள் முன்வரிசையில் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சை எடுத்த மனிதர் இப்போது வாயையும் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான். தலைவர், சொல் சொல் என்பதுபோலத் தலையசைத்தார்.

"பக்கத்துல இருந்தது நான்தான். அவ அப்படிச் சொல்லல."

தலைவரின் தலை பாதி அசைவில் நின்றது. அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"அந்தாளு பாக்க வந்தா, நான் தூங்குறேன்னு சொல்லிடுங்க."