கழற்றாத செருப்பு

கிழக்கு வெளுக்கும்போதே எறையூர்க் கரும்புக் காட்டில் இறங்கிவிடுவோம். பனி ஈரத்தில் தோகை கையைக் கீறும், அரிவாள் பிடி வழுக்கும். அடியோடு வெட்டு, தோகையை உரி, கட்டு, தலையில் ஏற்று. காலில் மட்டும் ஒன்றும் இருக்காது. அரங்கநாதன் ஐயா வயலுக்குள் எங்கள் தெரு ஆள் செருப்போடு கால் வைக்கக் கூடாது; அவர் அப்பன் காலத்துச் சட்டம். பூமித்தாய்க்கு வலிக்குமாம். அவர் மகன் பூட்ஸோடு உலாத்தினால் மட்டும் வலிக்காது போல.

அன்றைக்கு என் மகள் தனம் கட்டைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். வயிற்றில் ஆறு மாசம் அவளுக்கு. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தால் உள்ளே ரத்தமே இல்லை. கொஞ்ச நாளாகச் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். மசக்கை என்று தெருவே சிரித்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அமிர்தவல்லி தெருவுக்கே வந்தார். வெளிக்கிருந்ததை ஆளுக்கொரு தீப்பெட்டியில் கேட்டார். வெட்கக்கேடு. என் மருமகன் சாமிதுரை அடுத்த வூட்டுப் பெட்டியைத் தன்னுடையது என்று நீட்டப் பார்த்தான். சோதித்ததில் தெருவில் முக்கால்வாசிப் பேர் வயிற்றில் கொக்கிப்புழு.

"வெளிக்கு எங்கம்மா போறீங்க?"

"கரும்பு ஓரந்தாங்க. வேற மறைவு ஏது?"

"அந்த ஈர மண்ணுலதான் புழு குஞ்சு பொரிக்குது. வெறுங்கால்ல துளைச்சு ஏறி, குடலைக் கவ்வி ரத்தம் குடிக்குது. மாத்திரை தரேன். ஆனா மறுபடி ஏறுச்சுன்னா தனம் பிரசவம் தாங்க மாட்டா. செருப்பு போடுங்க."

போன வருஷம் பிரசவத்தில் செத்த ஆண்டாயியும் இப்படித்தான் வெளுத்துக் கிடந்தாள். காத்து கருப்பு என்று சொல்லிப் புதைத்தோம். தனத்தை வூட்டில் உட்கார வைக்கலாம்தான். அவள் கூலி இல்லாமல் அடுப்பு எப்படி எரியும்?

ஐயா வாசலில் போய் நின்றோம்.

"ஒங்க வயித்துப் புழுவுக்கு என் வயல் என்னா பண்ணும், வீரம்மா?"

"அந்த மண்ணுலேர்ந்துதாங்க ஏறுது."

"வெறுங்கால்ல வரதுன்னா வா. இல்லன்னா குடிசையக் காலி பண்ணு. எம் மனையிலதான நிக்குது?"

தெருவுக்குத் திரும்பி நடந்தோம்.

"வூட்டப் புடுங்கிட்டா எங்க போறது, அத்தை?" என்றான் சாமிதுரை.

"தனம் போயிட்டா எங்கடா போவ?"

எங்கள் மேஸ்திரி அங்கமுத்து, ஐயா பேச்சைத் தட்டாத ஆள், அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாளைக்கு ஆலை வண்டி வருது. வெட்டலன்னா கரும்பு காயும். அவருக்கும் பயம் இருக்கு. எல்லாரும் செருப்போட போயி நிப்போம். ஆனா நம்மள்ல ஒருத்தர் கழட்டுனாலும் எல்லாரும் தொலைஞ்சோம்."

விடிந்தது. டயர் செருப்பு கிடைத்தவர்கள் அதைப் போட்டோம். கிடைக்காதவர்கள் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். வரப்பில் ஐயா, பின்னால் கம்போடு நாலைந்து ஆட்கள். ரோட்டில் ஆலை வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"கழட்டுங்க," என்றார்.

வர வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வந்திருந்த தனம் என் கையைப் பிடித்தாள்.

"பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான்டி."

ஐயாவின் ஆட்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றதில் பக்கத்து வூட்டு ரெங்கம்மாள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் நடுங்குவது அவளுக்கும் தெரிந்திருக்கும். செருப்பைக் கழற்ற ஒருத்தரும் குனியவில்லை.